ஏழாவது கட்டம்: சிறுநீர்

மருத்துவத் தகுதிப் படிவத்தில் மொத்தம் ஏழு கட்டங்கள். கண் பார்வை, காது, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, நெஞ்சுப் படம், கைகால் அசைவு என்று ஆறிலும் ஒரே காலையில் டிக் விழுந்துவிட்டது. ஏழாவது சிறுநீர். அந்த ஒன்றுக்கு மட்டும் இருபத்தைந்து நாள் ஆனது. அதில் முதல் இரண்டு நாள் போக, மீதி நாளெல்லாம் அவள் பேருந்தின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

பணிமனையில் அவளைக் கியர் அக்கா என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டியின் கியர் குமிழ் கழன்று கையோடு வந்துவிட்டது. அவள் அசரவில்லை. மொட்டைக் கம்பியைப் பிடித்தே அந்த டிரிப்பை முடித்துவிட்டு, குமிழைக் கொண்டுபோய் டைம் கீப்பர் மேசையில் வைத்து, "சார், இது உங்க வண்டியோடது" என்றாள். அன்றைக்கு விழுந்த பெயர். நூற்றுப் பத்து ஓட்டுநர்களில் பெண் அவள் ஒருத்திதான். ஆறு வருடமாகப் பதினான்காம் நம்பர் வழித்தடம் அவளுடையது.

வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஓட்டுநர்களுக்கும் உடல் பரிசோதனை உண்டு. பணிமனையின் பின்பக்கம், டயர் குடோனை ஒட்டி இருந்தது கிளினிக். ஜன்னலில் ஒரு குமாஸ்தா. அவருக்கு எதிரே பதினைந்து ஆண்கள் வரிசையில் நின்றார்கள். அவள் முறை வந்ததும் குமாஸ்தா மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, நம்பர் ஒட்டி, ஜன்னல் வழியே தள்ளினார்.

"பிடிச்சிட்டு வந்து இங்க வைங்க."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள். சொல்லலாமா, வேண்டாமா? முக்கியமான விஷயமாக இருந்தால் அவர்களே கேட்டிருப்பார்களே என்று தோன்றியது. தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக் கதவை ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எப்படியோ டப்பாவை நிரப்பி, மூடி, ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டார். அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. வெளியே அதே ஆண்கள், அதே வரிசை. டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யூரின்ல ரத்தம் நிறைய போகுது. கிட்னில கல்லோ வேற ஏதாவதோ இருக்கலாம். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி எடுக்கக் கூடாது."

"டாக்டர், அது வந்து... அன்னைக்கு எனக்கு..."

"என்னைக்கு?"

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். முதல் ஆளாக நின்றுகொண்டிருந்த ஒன்பதாம் நம்பர் ஓட்டுநர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது. உண்மையில் அவர் சுவரில் மாட்டியிருந்த எடை அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அவளுக்கு வாய் எழவில்லை.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"அடுத்தது!"

வெளியே வந்தபோது அவளுக்கு டாக்டர் மீது வந்த கோபத்தைவிடத் தன் மீது வந்த கோபம்தான் அதிகம். குறுக்கே புகும் லாரிக்காரனிடம் ஜன்னலைத் திறந்து அவள் பேசும் பேச்சு, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட வாய் இன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொண்டது?

அவள் கணவன் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"சொல்ல வேண்டியதுதானே! உனக்கா வாய் இல்ல?"

"கதவைத் திறந்து போட்டுக்கிட்டுக் கேட்டா எப்படிங்க சொல்றது? நீங்க நின்னு பாத்திருந்தா தெரியும்."

"அவங்க கேக்கணும். நாங்க எங்க கடையிலயே கேக்கறோமே. படிக்கவா, ஓட்டவா, பழைய கண்ணாடி இருக்கான்னு கேக்காம லென்ஸ் தேய்ச்சா தலைவலிதான் வரும். இவங்க என்னன்னா டப்பாவக் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க."

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? அங்க வந்து சொல்லுங்க."

அவன் வரவில்லை. மறுநாள் அவளே தனியாகப் போய்க் குமாஸ்தாவிடம் மெல்லிய குரலில், முகத்தைப் பார்க்காமல், "தீட்டு நாள்ல குடுத்துட்டேன் சார், அதனாலதான் ரத்தம். திரும்பக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். அவர் அவளைவிட அதிகமாக நெளிந்தார். சடாரென்று ஒரு படிவத்தை எடுத்துத் தள்ளி, "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

அந்த ஒரு வாரமும் டைம் கீப்பர் அவளைத் தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்தார். குடைகள், சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஒரு கணக்கு நோட்டு, மூன்று ஒற்றைச் செருப்புகள். எல்லாவற்றுக்கும் தேதி ஒட்ட வேண்டும். ஒற்றைச் செருப்போடு பேருந்தை விட்டு இறங்கிப் போகிறவர்கள் யார் என்று யோசித்து யோசித்தே அவளுக்கு இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள், பதினான்காம் நம்பரை எடுத்துக்கொண்டிருந்த புது ஓட்டுநர் இடப்பக்கக் கண்ணாடியை ஒரு மரத்தில் உரசிக்கொண்டு வந்து நின்றான். அவளுக்குத் தன் முகத்தையே உரசிவிட்டது போல எரிந்தது.

"அந்த வளைவுல முன்னாடியே ஸ்டியரிங்கை ஒடிக்கணும்னு யாரும் சொல்லலியா?" என்று டைம் கீப்பரிடம் கேட்டாள்.

"அதைச் சொல்ல வேண்டிய ஆள் குடைக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்காங்களே" என்றார் அவர். அவர் அதை நகைச்சுவையாகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது முறை போவதற்கு முன்னால் கணவன் ஒரு யோசனை சொன்னான். "நிறைய தண்ணி குடிச்சிட்டுப் போ. உள்ள இருக்கறதெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும். பளிச்சுன்னு வரும்."

தப்பு நடந்துவிடக் கூடாது என்கிற பதற்றத்தில் அவள் காலை ஆறு மணியிலிருந்து பெரிய பாட்டிலில் மூன்று பாட்டில் குடித்தாள். வயிறு கல் போல ஆனது. கிளினிக்குக்குப் போவதற்குள் நான்கு தடவை போய்விட்டாள். ஐந்தாவது தடவை டப்பாவில் பிடித்தது கண்ணாடி போல இருந்தது. மஞ்சள் என்கிற பேச்சே இல்லை. இதைவிடச் சுத்தமாக யாரும் கொடுத்திருக்க முடியாது என்று திருப்தியோடு ஜன்னலில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் குமாஸ்தா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இது செல்லாதுன்னு எழுதியிருக்காங்க. அடர்த்தியே இல்லையாம். வெறும் தண்ணி மாதிரி இருக்காம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "குழாய்ல பிடிச்சு ஏதாவது கலந்தீங்களா? பரவால்ல, சொல்லுங்க. சில டிரைவருங்க அப்படிப் பண்றது உண்டு" என்றார்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நான் குழாயத் திறந்து பிடிச்சிட்டு வந்தேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. கேட்டேன்."

"என்ன சார் கேள்வி இது? ஆறு வருஷமா ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. ஒரு புகார் கிடையாது. நான் எதுக்கு ஒண்ணுக்குல தண்ணி கலக்கணும்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு ஆளாகத் தாண்டி வரிசையின் கடைசி வரைக்கும் போனது. அவள் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் பணிமனை முழுக்கக் கியர் அக்கா தண்ணீர் கலந்து மாட்டிக்கொண்ட கதை பரவிவிட்டது. கேன்டீனில் ஒரு மெக்கானிக் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இது ஒரிஜினலா அக்கா?" என்று கேட்டான். அவள் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வீட்டில் கணவனுக்கும் விழுந்தது. "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" அவன் அன்று தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மூன்றாவது முறைக்குக் குமாஸ்தா ஒரு தகவல் மட்டும் சேர்த்துச் சொன்னார். "காலைல எழுந்ததும் முதல் தடவை போறதைக் கொண்டு வாங்க. அதுதான் அடர்த்தியா இருக்கும்."

மறுநாள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, சொன்னபடியே பிடித்து, மூடியை இறுக்கித் திருகிக் கைப்பைக்குள் நிறுத்தி வைத்தாள். மகளைப் பள்ளிக்குக் கிளப்பினாள். ஒன்பது மணிக்குக் கிளினிக் ஜன்னலுக்கு வந்தபோது ஜன்னல் மூடியிருந்தது. குமாஸ்தா லீவாம். ஒன்பதரை, பத்து, பத்தரை. வெயில் ஏறிக்கொண்டே போனது. வரிசை கலைந்து திரும்பச் சேர்ந்தது. பதினொன்றுக்கு ஜன்னல் உள்ளேயிருந்து திறந்தது. நீலக் கையுறை போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். லேப் டெக்னீசியன். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது.

"எப்ப பிடிச்சீங்க இதை?"

"காலைல அஞ்சு மணிக்கு."

"இப்ப மணி பதினொண்ணு. இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?"

"என் பையில."

"ஃப்ரிட்ஜ்ல வைக்கலியா?"

"இதையா? ஃப்ரிட்ஜ்லயா? என் பொண்ணு குடிக்கிற பால் பக்கத்துலயா?"

"ஒரு கவர்ல போட்டுத் தனியா வைக்கலாமே. வெளியில ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தா உள்ள இருக்கற கிருமி பெருகிடும். இல்லாத வியாதியெல்லாம் இருக்கற மாதிரி காட்டும். இதை நான் வாங்க மாட்டேன்."

அப்போதுதான் அவளுக்குப் பொறுமை அறுந்தது.

"வாங்க மாட்டீங்களா? நான் என்ன உங்களுக்குப் பரிசு கொண்டு வந்தேனா? முதல்ல ரத்தம்னீங்க. அப்புறம் தண்ணின்னீங்க. இப்ப லேட்டுன்னு சொல்றீங்க. ஜன்னலைப் பதினொரு மணிக்குத் தொறந்தது நானா? நான் வண்டி ஓட்டறவ. பன்னெண்டு நாளா குடைக்கு லேபிள் ஒட்டறேன். ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. எப்படிக் குடுக்கணும்னு ஒரு தடவையாவது ஒருத்தராவது வாயத் தொறந்து சொன்னீங்களா?"

டெக்னீசியன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் வீசினாள்.

"உள்ள வாங்க" என்றாள். அன்பான குரலில் அல்ல. சண்டைக்குக் கூப்பிடும் குரலில்.

லேப் என்பது ஒரு குறுகிய அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், மேசை முழுக்க நம்பர் ஒட்டிய டப்பாக்கள். டெக்னீசியன் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து அவள் முன்னால் திருப்பிப் போட்டாள்.

"எனக்குக் கத்தத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. எல்லா பணிமனையிலேர்ந்தும் சேத்து ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது டப்பா வருது. முகம் வர்றதில்ல. நம்பர்தான் வருது. உங்க நம்பர் என்ன? எண்பத்தி ரெண்டா? பாருங்க, முதல் தடவை என்ன எழுதியிருக்கேன்னு."

பென்சிலில், சாய்வான கையெழுத்தில் இருந்தது: 'ரத்த அணு அதிகம். பெண்ணா? மாதவிலக்கா என்று கேட்கவும்.' அதற்குப் பல பக்கம் தள்ளி: 'அதிகத் தண்ணீர் குடித்திருக்கலாம். சந்தேகிக்க ஒன்றும் இல்லை. விளக்கிச் சொல்லி மறுபடி வாங்கவும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இது ஏன் என் ரிப்போர்ட்ல வரல?"

"ரிப்போர்ட் தாள்ல குறிப்பு எழுத இடம் இல்ல. நம்பர் போடத்தான் இடம். இதைப் படிச்சு உங்ககிட்ட சொல்ல வேண்டியது ஜன்னல்ல இருக்கறவரு. அவருக்குக் கூச்சம். டாக்டருக்கு நேரம் இல்ல. நான் எழுதி எழுதி பென்சிலைத் தேய்ச்சதுதான் மிச்சம்." ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. நானே கேக்கறேன். மாதவிலக்கு முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

"எட்டு நாள்."

"நல்லது. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"சத்து மாத்திரை, தண்ணில போட்டா பொங்குமே, அது?"

"அது மாத்திரையா? சளி பிடிச்சிருந்துச்சு, புளிப்பா இருக்குமே, அதைத்தான் ஒரு வாரமா ரெண்டு வேளை குடிக்கிறேன்."

டெக்னீசியன் கண்ணை மூடித் திறந்தாள். "அதுல இருக்கற வைட்டமின் சி, ரத்தம் இருந்தாலும் சர்க்கரை இருந்தாலும் நாங்க நனைச்சுப் பாக்கற பட்டையில காட்டாம மறைச்சிடும். இன்னைக்கு நிறுத்துங்க. நாளைக்கழிச்சு வாங்க."

"இன்னும் ரெண்டு நாளா?"

"ரெண்டே நாள். இன்னொரு தடவை தப்பா வந்தா மறுபடி ஒரு வாரம் போகும். எது வேணும்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"வீட்டுலேர்ந்து கொண்டு வராதீங்க. இங்க வந்து குடுங்க. வழக்கமா குடிக்கிற தண்ணியே போதும், வயித்தை ரொப்பிக்க வேண்டாம். காலைல ஓடறது, பளு தூக்கறது வேண்டாம். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, நான் குடுக்கற ஈரப் பஞ்சால முன்னாலேர்ந்து பின்னால துடைச்சுக்குங்க. முதல்ல வர்றதைக் கொஞ்சம் கீழ விட்டுடுங்க. நடுவுல வர்றதைப் பிடிங்க. டப்பாவோட உள்பக்கம் விரல் படக் கூடாது. பாதி ரொம்பினா போதும், மூடி நேரா என் கையில குடுங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகலியே!" என்றாள் அவள். பன்னிரண்டு நாள், இரண்டு நிமிடம் என்று மனது கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது.

டெக்னீசியன் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்க?" என்று கேட்டாள்.

"எங்க? யூரினா? டூட்டி நாள்லயா? காலைல வீட்டுல. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து."

பென்சில் நின்றது. "நடுவுல?"

"நடுவுல எங்க போறது? இந்தப் பக்கம் பணிமனை. அந்தப் பக்கம் கடைசி ஸ்டாப்ல ஒரு நிழற்குடை, ஒரு மதில் சுவர். ஆம்பளைங்க சுவர்ப் பக்கம் ஒதுங்குவாங்க. நான் எங்க ஒதுங்கறது? அதான் வண்டில இருக்கும்போது தண்ணியே குடிக்க மாட்டேன்."

"எத்தனை மணி நேரம்?"

"எட்டு, ஒன்பது."

"எரிச்சல் இருக்குமா போகும்போது?"

"எப்பவாவது. தண்ணி குடிச்சா சரியாயிடும். எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

"இல்ல" என்றாள் டெக்னீசியன். "எல்லாருக்கும் இருக்கறது இல்ல."

இரண்டு நாள் கழித்து அவள் சொன்னபடி செய்தாள். கையைக் கழுவி, துடைத்து, முதல் கொஞ்சத்தை விட்டு, நடுவில் பிடித்து, நேராக டெக்னீசியன் கையில் கொடுத்தாள். கழிவறைக் கதவை இந்த முறை டெக்னீசியனே வெளியில் சாய்ந்து நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. ரத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, அடர்த்தி சரி. ஆனால் சீழ் அணுக்கள் நிறைய. கிருமித் தொற்று.

அவள் மைக்ராஸ்கோப்பையே முறைத்துப் பார்த்தாள். தப்பாகக் கொடுத்த இரண்டில் ஒன்றுக்கு இல்லாத வியாதியையும் இன்னொன்றுக்கு இல்லாத திருட்டையும் சொன்னார்கள். சரியாகக் கொடுத்தபோது உண்மையான வியாதி வந்து நிற்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"சின்னத் தொற்றுதான். மாத்திரையில போயிடும்" என்றாள் டெக்னீசியன். "அப்படியே விட்டிருந்தா மேல ஏறி கிட்னியத் தொட்டிருக்கும்."

டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை முடிந்து ஐந்து நாள் கழித்து மறுபடி பரிசோதனை, அதுவரைக்கும் ஏழாவது கட்டம் காலி. வழக்கம் போல நிமிராமல், "நிறைய தண்ணி குடிங்க. அடக்கி வைக்காதீங்க" என்றார்.

"எங்க போறது டாக்டர்?"

"என்ன?"

"அடக்காதீங்கன்னு சொல்றீங்க. எங்க போறது? பதினாலாம் நம்பர் ரூட்ல எட்டு டிரிப். ரெண்டு முனையில ஒரு முனையிலயும் பொம்பளைக்குக் கக்கூஸ் கிடையாது. இங்க இருக்கற ஒண்ணுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. முதல் தடவை உங்ககிட்ட எனக்கு மாதவிலக்குன்னு சொல்ல வந்தேன். கதவு தொறந்திருந்துச்சு, வெளியில ஆளுங்க இருந்தாங்க, வெக்கப்பட்டுச் சொல்லாமப் போனேன். இன்னைக்கும் கதவு தொறந்துதான் இருக்கு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

டாக்டர் முதல் முறையாக நிமிர்ந்தார். களைத்த, சுருக்கம் விழுந்த முகம். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்கம்மா" என்றார்.

அவரால் கழிவறை கட்ட முடியாது என்று அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் மருந்துச் சீட்டின் கீழே, 'பணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை செல்ல அனுமதிக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவளிடம் இருந்த காகிதங்களில் அது ஒன்றுதான் உபயோகமான காகிதம்.

இருபத்தைந்தாம் நாள் ஏழாவது கட்டத்தில் டிக் விழுந்தது. டெக்னீசியன் தன் பங்குக்கு ஜன்னலில் கேள்விகளை எழுதி ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு கூச்சக்காரக் குமாஸ்தா யார் முகத்தையும் பார்க்காமல் வரிசையாக எல்லாக் கேள்வியையும் எல்லாரிடமும் படித்தார். "மாதவிலக்கு உண்டா?" என்று ஒன்பதாம் நம்பர் ஓட்டுநரிடமும் கேட்டார். அவர் கோபித்துக்கொண்டு யூனியனுக்குப் போனார்.

கியர் அக்கா பதினான்காம் நம்பருக்குத் திரும்பினாள். கழிவறை வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தாள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடைசி ஸ்டாப்பிலிருந்து இரண்டாவது கட்டடம் ஒரு சலவைக் கடை. அதை நடத்தும் பெண்ணிடம் ஒரு நாள் நேரே போய், "பின்னாடி பாத்ரூம் இருக்கா? நான் பஸ் ஓட்டறேன்" என்றாள். அந்தப் பெண் நீராவியில் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "ஆறு வருஷமா பாக்கறேன், இன்னைக்குத்தான் இறங்கி வர்றீங்க" என்று பின்கதவைக் காட்டினாள்.

போய் வர ஆறு நிமிடம். வண்டி ஆறு நிமிடம் தாமதம். மூன்றாம் நாளே டைம் கீப்பரிடமிருந்து மெமோ வந்தது: கடைசி நிறுத்தத்தில் தாமதமாகப் புறப்பட்டதற்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.

அவள் அங்கேயே அவர் மேசையில் குனிந்து எழுதினாள். 'காரணம்: சிறுநீர் கழிக்கச் சென்றேன். இணைப்பு: டாக்டர் சீட்டு.'

டைம் கீப்பர் படித்துவிட்டுத் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். "அக்கா, இதை எப்படி ஃபைல்ல வைக்கறது? மேல அதிகாரிங்க படிப்பாங்க."

"படிக்கத்தானே சார் கேட்டாங்க."

"உடம்பு சரியில்லன்னு போட்டுக்கலாமா?"

"உடம்பு சரியா இருக்கு. சரியா இருக்கறதாலதான் வருது. அப்படியே வைங்க."

அடுத்த வாரம் மூன்று மெமோ. மூன்றுக்கும் அதே விளக்கம். அதற்கடுத்த வாரம் நான்கு. அவள் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. கணவன் பயந்தான். "வேலைக்கு வேட்டு வெச்சுக்காத" என்றான். "நீங்க ஒரு நாள் ஒன்பது மணி நேரம் அடக்கிட்டு வந்து பேசுங்க" என்றாள் அவள்.

இரண்டு மாதம் கழித்து, மேலேயிருந்து யாரோ அந்த ஃபைலைப் படித்துத் தொலைத்திருக்க வேண்டும். பதினான்காம் நம்பரின் நேர அட்டவணை திருத்தப்பட்டது. மதிய டிரிப்பில் கடைசி நிறுத்தத்தில் நிற்கும் நேரம் நான்கு நிமிடம் கூடுதல். காரணம் என்று எதுவும் போடவில்லை. ஆறு ஏன் நான்கானது என்று அவள் டைம் கீப்பரைக் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

மீதி இரண்டு நிமிடத்துக்கு அவள் இன்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.